இணையத்தில் வைக்க என்னிடம் இருந்தவை

அந்த நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினாள். கோலாலம்பூரில் அலுவலகம். தொழிற்சாலைகளுக்கும் பெரிய கடைகளுக்கும் பயிற்சிக் காணொளி தயாரித்துக் கொடுப்பவர்கள். இதுவரை மலாயிலும் ஆங்கிலத்திலும் செய்துவந்தார்கள், இனி தமிழிலும் செய்யப்போகிறார்கள், எழுதவும் திருத்தவும் ஆள் தேவை, என் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க போர்ட்ஃபோலியோ லிங்க் மட்டும் அனுப்பிடுங்க. பாஸ் ஒரு தடவ பாத்துட்டாருன்னா ஓகேதான்."

"புத்தகமா நெறைய இருக்கு மா. வேணும்னா கொண்டாந்து காட்டுறேன்."

"இல்லக்கா, லிங்க்தான் வேணும். அவரு எல்லாத்தையும் ஃபோன்லதான் பாப்பாரு."

சரி என்று சொல்லி வைத்தேன். லிங்க் என்று ஒன்று என்னிடம் இல்லை என்பதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் வயதில் எனக்கொரு மகள் இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பள்ளி முடித்த கையோடு கோலாலம்பூரில் ஒரு தமிழ் மாத இதழில் பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்தேன். அந்த இதழ் நின்றுபோன வருடம் கல்யாணமாகிப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வந்தேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் பாசாரில் மீன்காரரிடம் அந்தப் புதுப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். வந்த நாள் முதல் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். பள்ளிப் பயிற்சி நூல்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நாவல்கள், அறுபதாம் கல்யாணத்து நன்றியுரைகள் என்று வந்ததையெல்லாம் திருத்திக் கொடுத்தேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதியும் கொடுத்தேன். அவற்றில் என் பெயர் இருக்காது. ஒரே ஒரு மலரில் கடைசிப் பக்கத்தில் 'பிழை திருத்தம்' என்று போட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள். அதில் ஓர் எழுத்துப் பிழை.

இதையெல்லாம் நான் குறையாக நினைத்ததில்லை. தண்ணீர்க்குழாய் போடுகிறவர் குழாயில் தன் பெயரை எழுதிவிட்டுப் போவதில்லையே என்று இருந்துவிட்டேன். இப்போது காட்டு என்று ஒருவர் கேட்டதும்தான் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை இழுத்துப் பார்த்தேன். கையில் எடுத்த ஒவ்வொரு புத்தகத்துக்கு உள்ளேயும் என் வாழ்க்கையின் ஒரு பருவம் இருந்தது. வெளியே அது வேறு யாருடையதாகவோ இருந்தது.

இலவசமாகத் தளம் அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்றில் பதிந்துகொண்டேன். மின்னஞ்சலைக் கொடுத்ததும் மாதிரிப் பக்கங்களைக் காட்டியது. எதை எடுத்தாலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தன் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்தாள். கணினியைப் பார்த்து நான் சிரித்த ஞாபகமே இல்லை. அவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் படத்தைப் போட வேண்டும். என்னிடம் தனியாக எடுத்த படம் இல்லை. ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து பக்கத்தில் நின்ற நாத்தனாரை வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்தேன். அவர் கை மட்டும் என் தோளில் தங்கிவிட்டது. அதையும் வெட்டினால் என் தோளே போய்விடும் போலிருந்தது. படமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது 'என்னைப் பற்றி'. பிறர் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு அந்தச் சின்னப் பெட்டியை நிரப்ப முடியவில்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து மாலையில் வீட்டுக்காரர் வந்தபோது அப்படியே திறந்து வைத்திருந்தேன். சீருடையைக் கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார்.

"தமிழ்மொழியின்பால் தணியாத தாகமும், நீண்டநெடிய அனுபவமும்... யாரு இது?"

"நான்தான்."

"கல்யாண மண்டபத்துல மைக் புடிச்சிப் பேசுறவன் மாதிரி இருக்குலா. நீ இப்படியா பேசுவ?"

"அப்ப என்னா எழுதச் சொல்றீங்க?"

"நீ என்னா செய்றியோ அத எழுது."

"என்னா செய்றேன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அடுத்தவங்க எழுதுனதப் படிச்சிட்டு பெருமூச்சு விடுவ. அப்புறம் பென்சில எடுப்ப."

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் குளிக்கப் போனார். நான் தாகத்தையும் அனுபவத்தையும் அழித்துவிட்டு, 'தமிழில் எழுதுவேன், பிறர் எழுதியதைத் திருத்துவேன்' என்று மட்டும் போட்டேன். பெட்டி காலியாகத் தெரிந்தது. காலியாகவே இருக்கட்டும் என்று விட்டேன். காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பழைய கோப்புகளைத் தேடினேன். இதழில் வேலை செய்த காலத்தில் அவ்வப்போது நானே எழுதிய கட்டுரைகளைப் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தேன். திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியுமாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை வைத்திருந்தது. எங்கள் எழுத்துரு அந்த இதழின் கணினியோடு சேர்ந்து பழைய இரும்புக்குப் போயிருக்கும். மாற்றித் தருகிற தளம் ஒன்றைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகப் போட்டேன். தமிழ் வந்தது. ஆனால் எல்லா ணகரமும் காணாமல் போய் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் நின்றது. கண்ணும் மண்ணும் பெண்ணும் வானத்துக்குப் போய்விட்டன. பல வருடங்களுக்கு முன்னால் திருத்தி முடித்த கட்டுரைகளை மறுபடியும் முதலிலிருந்து திருத்த ஆரம்பித்தேன். கண் எரிந்தது. இரண்டு கட்டுரைகளோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுத்தையாவது காட்டிவிடலாம். திருத்தத்தை எப்படிக் காட்டுவது? நன்றாகத் திருத்தினால் திருத்தியது தெரியாது. 'முன்', 'பின்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பார்க்கிறவருக்குப் புரியும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை அழைத்தேன். அவருடைய நாவலின் முதல் அத்தியாயத்தை நான் கிட்டத்தட்டத் திருப்பி எழுதியிருந்தேன், அவரும் அப்போது வாயார நன்றி சொன்னவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"அப்ப நான் தப்பு தப்பா எழுதுனேன்னு ஊருக்கே காட்டப் போறீங்க."

"இல்லங்க சார், உங்க பேரு போட மாட்டேன்."

"பேரு எதுக்குங்க? கதையப் படிச்சா தெரியாதா யாருதுன்னு?"

அவர் சொன்னது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் வரவில்லை.

வேறு வழி தெரியாமல் நானே ஒரு பத்தியைப் பிழையாக எழுதி நானே திருத்திக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். பிழையாக எழுதுவது இவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. என் பிழைகள் பொம்மைப் பிழைகளாக இருந்தன. லகரத்துக்கு ளகரம், விட்டுப்போன ஒற்று. மனிதர்கள் அப்படி எழுதுவதில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது இருந்த கோபம் முடிக்கும்போது மறந்துபோய் வேறெங்கோ போய் முடிவார்கள். சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்து பக்கத்தில் இருப்பதை மூன்று தடவை சொல்வார்கள். அதைத்தான் இத்தனை காலம் திருத்தியிருக்கிறேன். அதை வேண்டுமென்று செய்ய எனக்கு வரவில்லை.

என்னிடம் இருந்தவற்றில் உண்மையிலேயே காட்டத் தகுந்தது ஒன்றே ஒன்று. டிரசர் ஐயாவின் புத்தகம்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கட்டுப் போட்டு, பிரசவமும் பார்ப்பவரை டிரசர் என்பார்கள். இவர் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு வாழ்க்கை வரலாறு எழுத ஆசை வந்து என்னைத் தேடிப் பிடித்தார். ஒரு வருடம் போல அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் பேசுவார், நான் குறித்துக்கொண்டு வந்து எழுதுவேன். அட்டையில் அவர் பெயர். அப்படித்தான் பேச்சு, அதற்கான சம்பளத்தையும் குறைவில்லாமல் கொடுத்தார். பள்ளி மண்டபத்தில் வெளியீடு நடந்தபோது, டிரசருக்குள்ளே இப்படியோர் எழுத்தாளர் ஒளிந்திருந்தாரா என்று மேடையில் வியந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐயா கீழே இறங்கி வரும்போது என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். போன தீபாவளிக்கு முன்னால் தவறிவிட்டார்.

அட்டைப் படமும் ஓர் அத்தியாயமும், கீழே 'எழுத்தாக்கம்' என்று என் பெயரும் போட அவர் மனைவியிடம் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். தொலைபேசியில் கேட்கிற விஷயமல்ல. வீட்டுக்காரரின் ஓய்வு நாளில் இருவரும் காரில் கிளம்பினோம்.

போகும் வழியில் கம்போங் குவாந்தான் திருப்பத்தைத் தாண்டியதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"நீ ஒரு போர்டு எழுதிக் குடுத்தல்ல, அந்த சின்ன ஹோட்டலுக்கு? படம் புடிச்சிப் போடு. அதுக்கு யாருகிட்டயும் கேக்க வேணாம்."

மின்மினி பார்க்க வருகிறவர்கள் தங்குகிற சின்ன விடுதி அது. ஆற்றில் குப்பை போட வேண்டாம், பூச்சிகள் மேல் கைவிளக்கு அடிக்க வேண்டாம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். சொற்கள் அழகாக வந்திருந்ததாக ஞாபகம். காரை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தேன். பலகை பெரிதாக, பளபளவென்று இருந்தது. அச்சடித்தவரின் கணினிக்குத் தமிழ் தெரியவில்லை. கொம்பெல்லாம் எழுத்தின் இந்தப் பக்கம் நிற்பதற்குப் பதிலாக அந்தப் பக்கம் போய் நின்றன, புள்ளிகள் எழுத்தை விட்டுத் தனியாக மிதந்தன. படித்தால் யாரோ பல்வலியோடு பேசுவதுபோல இருந்தது.

"எடுக்கலியா?" என்று காரிலிருந்தே கேட்டார்.

"இதப் போட்டா இருக்குற வேலையும் போயிரும்."

அவர் வண்டியைக் கிளப்பினார். எங்களுக்கு முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டே போனது. அதைத் தாண்டவும் அவருக்கு அன்று தெம்பில்லை.

டிரசரம்மாவின் வீடு கோலா சிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளின் கடைசியில் இருந்தது. என்னை இறக்கிவிட்டு வீட்டுக்காரர் மீன் வாங்கப் போனார். டிரசரம்மா கூடத்தில் செய்தித்தாளை விரித்து, நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். நானும் கீழே உட்கார்ந்து ஒரு பிடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எதிரே சுவரில் ஐயாவின் படம். அதற்குக் கீழே சின்னத் தட்டில் விளக்கு, அதன் பக்கத்தில் அந்தப் புத்தகம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"லிங்க்னா என்னா? ஃபோன்ல அமுக்குனா வருமே, அதுவா?"

"ஆமாம்மா. அமுக்குனா என் பக்கம் வரும். நான் செஞ்ச வேலையெல்லாம் அதுல இருக்கும். அதப் பாத்துதான் இப்ப வேல குடுக்குறாங்க."

"அதுல இவரு புத்தகத்தையும் போடணும்ங்கிற."

"நீங்க சரின்னா."

அவர் கை நிற்கவில்லை. நெத்திலித் தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாக விழுந்துகொண்டே இருந்தது.

"அவரே எழுதுனாருன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லியிருக்காரு."

"தெரியும்மா."

"மகன்கிட்டகூட அப்படித்தான் சொன்னாரு. அவன் சிங்கப்பூர்ல கூட வேல செய்றவங்களுக்கெல்லாம் வாங்கிக் குடுத்தான்."

நான் அடுத்த நெத்திலியை எடுத்தேன். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நெத்திலி முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் திடீரென்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, புத்தகத்தை எடுத்து வந்தார். தேடவே இல்லை, அது தானாக அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. ஓரம் அழுக்காகி மடங்கியிருந்தது.

"எனக்கு வேகமா படிக்க வராது. ஆனா இந்த எடத்த நெறைய தடவ படிச்சிட்டேன்," என்று சொல்லி விரலை வைத்துக் காட்டினார்.

ஓர் எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகிப் போனதைச் சொல்லும் அத்தியாயம். 'ஒவ்வொரு முறையும் சாமான்களை லோரியில் ஏற்றும்போது, அவள் தான் நட்ட பூச்செடிகளை விட்டுவிட்டு வந்தாள். போகலாமா என்று நான் அவளிடம் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.'

"இத அவரு சொன்னாரா, நீ எழுதுனியா?"

என் கையில் பாதி கிள்ளிய நெத்திலி இருந்தது. என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எந்த வாக்கியம் யாருடையது என்று நானே பிரித்துப் பார்த்ததில்லை. ஐயா பேசியதைக் கைப்பேசியிலும் பதிவு செய்திருந்தேன், ஆனால் அந்தக் கைப்பேசி எப்போதோ கெட்டுப்போய்விட்டது. ஞாபகத்தைத்தான் தோண்ட வேண்டியிருந்தது. அந்தக் காலைப் பொழுது மெல்ல வந்தது. இதே கூடம், இதே நாற்காலி. அவர் மாற்றல்களை ஒவ்வொரு தோட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை, கணக்கெழுத எந்தக் கிராணி என்று. நடுவில் நிறுத்தினார்.

"அவரு சொன்னதுதாம்மா. ஆனா இப்படிச் சொல்லல."

"எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

"'அது பூச்செடி வச்சிருக்கும். வுட்டுட்டு வரும்'னாரு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் 'கேட்டிருக்கலாம், கேக்கல'ன்னாரு. அவ்வளவுதான். அடுத்த தோட்டத்துக் கதைக்குப் போயிட்டாரு."

"கேட்டிருக்கலாம், கேக்கல." அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "உன்னயப் பாத்தா சொன்னாரு?"

"இல்லம்மா. அடுப்படி பக்கம் பாத்து."

"நான் அங்க என்னா செஞ்சிக்கிட்டு இருந்தேன்?"

"தண்ணி சத்தம் கேட்டிச்சு. சட்டி கழுவிட்டு இருந்திருப்பீங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த விரலில் கருவாட்டு உப்பு இருந்திருக்கும், கண் இன்னும் சிவந்தது.

"பாத்தியா, கொஞ்சம் சத்தமா சொல்லியிருந்தா எனக்கும் கேட்டிருக்கும். கொழாயத் தொறந்து வுட்டுட்டு நின்னிருக்கேன்." பிறகு சொன்னார், "நீயா போட்டுக்கிட்டன்னுதான் இவ்வளவு நாளு நெனச்சேன். பொம்பள எழுதுனதால எம்மேல எரக்கப்பட்டு எழுதிட்டன்னு. 'கேட்டிருக்க வேண்டும்'னெல்லாம் அவரு வாயில வராது. 'கேக்கல'ன்னு சொன்னாரு பாரு, அதுதான் அவரு."

எனக்கு அந்த நேரத்தில் பெருமையும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. ஐயா சொன்ன அந்த இரண்டு சொற்களை அப்படியே விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமோ என்று மட்டும் தோன்றியது. அச்சான பிறகு தோன்றி என்ன செய்வது?

"புத்தகத்தப் போடாத மா," என்றார். "அவரு எழுதுனதாவே இருக்கட்டும். எனக்கு உண்மை தெரியும், உனக்குத் தெரியும். போதும்."

"சரிம்மா."

"கோவமா?"

"இல்லம்மா. அசதியா இருக்கு, அவ்வளவுதான்."

அது பொய்யில்லை. அங்கேயே அந்தக் குளிர்ந்த தரையில் படுத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் உள்ளே போய்ப் பால் போட்ட தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து வைத்தார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது என்னா செடின்னாவது அவரு சொன்னாரா?"

"பூச்செடின்னுதான் சொன்னாரு."

"அவருக்குத் தெரியாது. நான் சொல்றேன், நீ எழுதுறியா? என் பேரெல்லாம் வேணாம். உன் பேரையே போட்டுக்க."

வெளியே வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். வாங்கிய மீன் வெயிலில் இருக்க முடியாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிள்ளிய நெத்திலியில் பாதியைப் பையில் போட்டுக் கொடுத்தார். காரில் ஏறியதும், "போடச் சொன்னாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். மீன் பையை என் காலடிக்கு நகர்த்திவிட்டு வண்டியை எடுத்தார்.

தளத்தில் கடைசியில் மிஞ்சியது நட்சத்திரங்களைப் பிடுங்கி எறிந்த இரண்டு பழைய கட்டுரைகள், ஒரு கோயில் மலரின் முன்னுரை, அனுமதி கொடுத்த ஒரே ஒருவரின் பயிற்சி நூலில் நான்கு பக்கம். சுருக்கமாகத்தான் இருந்தது. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தியதும் திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன, தளம் எனக்கு வாழ்த்துச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு லிங்க்கை அனுப்பினேன். ஒரு வாரத்துக்கும் மேல் பதில் இல்லை. பிறகு அவளே அழைத்தாள்.

"அக்கா, பாஸ் பாத்தாரு. ரொம்ப கிளீனா இருக்குன்னாரு."

"நல்லது மா."

"ஆனா ஒரு விஷயம்க்கா. எழுதுறது இப்ப நாங்க ஏ.ஐ.யிலயே செஞ்சிடறோம். ஆள் வச்சி எழுதுறதில்ல. அது எழுதுனத நீங்க சும்மா ஒரு பார்வ பாத்துக் குடுத்தா போதும். செய்வீங்களா?"

செய்வேன் என்றேன். வேறென்ன சொல்வது? அன்று மாலையே முதல் கோப்பு வந்தது. தொழிற்சாலையில் தீ விபத்து ஒத்திகை எப்படிச் செய்வது என்பது பற்றியது. ஆங்கிலத்து 'ஃபயர் டிரில்'லைத் துளை போடுகிற டிரில் என்று எடுத்துக்கொண்டு, 'தீத் துளையிடல்' என்று எழுதியிருந்தது. மணி அடித்ததும் எல்லாத் தொழிலாளர்களும் அமைதியாகத் துளையிடும் இடத்துக்கு நடந்து செல்ல வேண்டுமாம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று எல்லாம் சரியான இடத்தில் நின்றது. அதனால்தான் களைப்பு இன்னும் அதிகமானது. மனிதர் எழுதியதென்றால் எங்கே தடுமாறியிருப்பார், என்ன சொல்ல வந்திருப்பார் என்று ஊகித்துக்கொண்டே போகலாம். இதற்குள்ளே யாரும் இல்லை. ஒரு பார்வை பார்ப்பதற்குப் பதிலாகக் கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பி எழுதினேன். அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த கோப்பையும் அனுப்பினார்கள், அதற்கடுத்ததையும். வீட்டுக்காரர் அவற்றை வாங்கிப் படித்துவிட்டு, தங்கள் தொழிற்சாலையில் உண்மையில் எப்படிச் செய்வார்கள் என்று சொல்வார். அது உதவியாக இருக்கிறது.

டிரசரம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் அழைத்து, "எப்ப மா வர்ற?" என்றார். வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். அடுத்த வாரமும் அழைத்தார். மூன்றாம் முறை அழைத்தபோது வண்டியை நானே எடுத்துக்கொண்டு போனேன். செய்தித்தாளும் இல்லை, நெத்திலியும் இல்லை. குளித்து, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"எங்கேருந்து வேணும்னாலும்மா."

"மொத எஸ்டேட்ல வீட்டுக்கு முன்னால டிசம்பர் பூவு வச்சேன். ஊதா. அந்த மண்ணுக்கு அது வராதுன்னு மண்டோர் பொண்டாட்டி சொன்னிச்சு. நான் கேக்கல."

அன்று முழுக்க அந்த டிசம்பர் பூவும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவியும்தான். அந்தச் செடி வந்ததும், பூத்ததும், அதைப் பார்க்கத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் வந்ததும், மாற்றல் உத்தரவு வந்த அன்று அவர் வாளி வாளியாக அதற்குத் தண்ணீர் ஊற்றியதும். குழாய்த் தண்ணீர் இல்லாத தோட்டமாம், வாய்க்காலிலிருந்து தூக்கி வந்தாராம். விட்டுவிட்டுப் போகப்போகிற செடிக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று ஐயா கேட்டாராம். நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் சொன்ன வரிசையிலேயே, பேச்சை அதிகம் தொடாமல் எழுதினேன். வழக்கத்தை விட மெதுவாகப் போகிறது. காணொளி வேலை முடிந்த பிறகுதான் இதற்கு உட்கார முடிகிறது, அதற்குள் கண் சோர்ந்துவிடுகிறது.

எழுதியதை எடுத்துப் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஊதா என்று எழுதியிருந்ததை மட்டும் இளம் ஊதா என்று மாற்றச் சொன்னார். இதை என் தளத்தில் போடுவதா, புத்தகமாக்குவதா என்று இன்னும் நாங்கள் பேசவில்லை. இரண்டாவது எஸ்டேட்டுக்கே அவர் இன்னும் வரவில்லை.